ஒரு சொட்டு சிந்தாதவள்

“எலியும் இல்ல, பூனையும் இல்ல விமலா. அது அவ கீறினது. பாதி நான் கீறினது. அந்தப் பெயின்ட் டின்ன மொதல்ல கீழ வைம்மா. உக்காரு, சொல்றேன்.”

விமலா எதிர் வீட்டுக்குக் குடிவந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அங்கே கார் நிறுத்துகிற இடத்தில் இருக்கும் சிமெண்டுத் தூணைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். இடுப்புக்கு மேலே தூணைச் சுற்றிச் சாய்வு சாய்வாகக் கோடுகள். ஒரு வரிசை இடமிருந்து வலமாக இறங்கும். இன்னொரு வரிசை வலமிருந்து இடமாக இறங்கும்.

“யாரோ தூணுல ரப்பர் பால் எடுக்கப் பார்த்த மாதிரி இருக்கு பாட்டி” என்று சிரித்தாள்.

கெட்டிக்காரப் பெண். அதுதான் நடந்தது.

“யாரு பாட்டி அவங்க? பேரு என்ன?”

“பேரச் சொல்லமாட்டேன். சொன்னா அங்க ஜொகூர்ல அவளுக்குப் பொர ஏறும். யாரோ நம்மள நெனைக்கிறாங்கன்னு சந்தோசப்படுவா. அந்தச் சந்தோசத்த நான் ஏன் குடுக்கணும்?”

இந்த வயதில் இன்னொரு கிழவிமேல் என்ன பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். இந்த வயதில்தான் அதற்கு நேரம் இருக்கிறது.

அவளும் நானும் ஒரே ரப்பர் தோட்டம், ஒரே லயத்து வீடுகள். அவள் பால்மரம் சீவுகிறவள். நான் வெளிக்காட்டு வேலை, அதாவது புல் வெட்டுவது, உரம் போடுவது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் நிழலில் வேலை செய்வார்கள், நாங்கள் வெயிலில் வேகுவோம். அவர்கள் கையில் உளி இருக்கும். அதைத் தீட்டுவதும் துடைப்பதும் துணியில் சுற்றி வைப்பதும் பார்க்கவே ஒரு பவிசாக இருக்கும். என் கையில் இருந்தது புல்வெட்டுகிற கத்தி. அதை யார் துணியில் சுற்றுவார்கள்?

என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில் பால் நிறுக்கிற வேலை. நல்ல மனுஷர். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், என் மாமியார் பேச்சைக் கேட்டு ஆடமாட்டார். அவர்மேல் எனக்குக் குறையே கிடையாது, ஒரே ஒரு வாக்கியத்தைத் தவிர. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரும் கேட்காமல் சொன்னார்:

“அந்தப் பொண்ணு காண்டா தூக்கிட்டு வந்தா ஒரு சொட்டு சிந்தாது.”

காண்டா என்பது தோளில் வைக்கிற கம்பு. இரண்டு முனையிலும் பால் வாளி தொங்கும். மேடு, பள்ளம், வாய்க்கால் பலகை என்று எல்லாம் தாண்டி வரவேண்டும். எல்லாருக்கும் சிந்தும். அவளுக்குச் சிந்தாதாம். அப்போது நான் அவர் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வெளியே சிந்திவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருப்பேன். சொல்லாமல் துடைத்துக்கொண்டார் பாருங்கள், அதனால்தான் இத்தனை வருஷம் கிடந்து உறுத்துகிறது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வாக்கியம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

தோட்டத்தை விற்று உடைத்தபோது எல்லாரும் ஒவ்வொரு பக்கம் போனார்கள். செமிலிங், பீடோங், கூலிம். எனக்கு இங்கே புக்கிட் செலம்பாவில் வீடு கிடைத்தது. அப்பாடா, இனி அந்த நடையைப் பார்க்க வேண்டாம் என்று கதவைத் திறந்தால், எதிர் வீட்டு வாசலில் அவள் சாமான் இறக்கிக்கொண்டிருக்கிறாள்.

“நல்லதாப் போச்சு, நீயும் இங்கதானா?” என்றாள்.

“ஆமாக்கா” என்றேன். வேறு என்ன சொல்வது?

அவளிடம் ஒரு குணம். எதற்கும் நேராகப் போகமாட்டாள். சுற்றித்தான் வருவாள். சீனி வேண்டுமென்றால் சீனி என்று வாயில் வராது. கேட்டுக்கு வெளியே நின்று என் செம்பருத்தியைப் பார்ப்பாள். அது ஏன் இந்த மாதம் பூக்கவில்லை என்பாள். என் முட்டி வலியை விசாரிப்பாள். என் மகன் வாங்கிய புதுக் காரைப் பற்றி, எனக்கே தெரியாத இரண்டு நல்ல விஷயம் சொல்வாள். கடைசியாக, “கோப்பி போடலாம்னு பார்த்தேன்” என்று நிறுத்திவிடுவாள். நானே உள்ளே போய்ச் சீனி எடுத்துவந்து கொடுப்பேன். கொடுத்துவிட்டு, வந்ததற்கு நன்றி என்றும் சொல்வேன். அவள் போன பிறகுதான் எனக்கு எரியும்.

யாராவது அவசரப்படுத்தினால் அவளிடம் ஒரே பதில். “மரம் எங்கயும் ஓடாது.” பஸ்ஸுக்கும் அதுதான். பொங்கல் பானைக்கும் அதுதான். ஒருதரம் கோயிலில் ஐயர் தீபாராதனைக்கு வாங்கம்மா, வாங்கம்மா என்று கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னாள். ஐயரும் காத்திருந்தார்! நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். என்னை யார் பார்த்தார்கள்?

விமலா தூணைத் திரும்பிப் பார்த்தாள். “இதெல்லாம் சரி பாட்டி. தூணுல ஏன் கீறணும்?”

“அதுக்குத்தாம்மா வர்றேன். முதுகு போச்சு. எனக்கும் போச்சு, அவளுக்கும் போச்சு.”

ஒரே வருஷத்தில் இரண்டு பேருக்கும் வந்தது. முதுகெலும்பு தேய்ந்து, நடுவில் இருக்கிற ஜவ்வு வற்றி, நரம்பை அழுத்துகிறது என்றார்கள். வலிகூடப் பரவாயில்லை. வலி என்ன, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிதா? இது வேறு மாதிரி. பாதம் தரையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. பஞ்சுமேல் நிற்கிற மாதிரி இருக்கும். சட்டைப் பொத்தான் போடக் கால் மணி நேரம். கண்ணை மூடினால் வீடு சாயும்.

நான் முதலில் விழுந்தது குளியலறையில். முகத்தில் சோப்பு, கண்ணை மூடினேன், அவ்வளவுதான். இரண்டாவது, ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து ஹாரன் அடித்தார். சட்டென்று திரும்பினேன். மூன்று பூந்தொட்டியோடு நானும் கீழே. ரொட்டிக்காரர் பாவம், இரண்டு ரொட்டியை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் மகன் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை செய்கிறான். ஒன்பதாவது மாடியில் வீடு. விஷயம் தெரிந்து அன்று மாலையே வந்து நின்றான்.

“அம்மா, இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா இந்த வீட்டப் பூட்டிடுவேன். எங்க கூடத்தான் இருக்கணும். பேச்சே கிடையாது.”

நல்ல பிள்ளைதான். மருமகளும் தங்கம். ஆனால் அங்கே போனால் எனக்கு ஒரு நாற்காலி, ஒரு டிவி. தண்ணீர் டம்ளரைக்கூடத் தூக்க விடமாட்டார்கள். ‘நீங்க உக்காருங்க அத்தை, நீங்க உக்காருங்க அத்தை.’ ஒரு வாரம் இருந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து என் பெயரே மறந்துவிட்டது. இந்த வீட்டில் என் அடுப்பு, என் செம்பருத்தி, என் சாவி. மூன்றாவது முறை விழக்கூடாது. எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

அவளோ ஒருதரம்கூட விழவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேருடைய படத்தையும் டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். என்னுடையதைப் பார்த்துத் தலையாட்டினார். அவளுடையதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு சின்ன டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இவ்வளவு தேய்ந்தும் எப்படி நடக்கிறார்கள் என்று மூன்று பேரும் வியந்தார்கள். தேய்மானத்திலும் அவளுக்குத்தான் முதலிடம்!

“என்னோடதையும் கொஞ்சம் நல்லாப் பாருங்க டாக்டர்” என்றேன்.

“பார்த்துட்டேன்மா. உங்களுக்கு அவ்வளவு மோசமில்ல.”

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் கோபமாக வந்தது.

பிறகு பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் கம்பி, எதிரே கண்ணாடி, நடுவில் நேராக நடக்கவேண்டும். சொல்லிக்கொடுக்கிறவள் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது. மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். அக்கா நேராக நடந்தால் குடித்தவள் மாதிரி ஆடினாள். நான் நான்கு அடி ஆடாமல் வைத்தேன்.

“பாகுஸ், மக்சிக்! பாகுஸ்!” என்று மிஸ்ஸி கைதட்டினாள். மலாயில், பிரமாதம் அத்தை என்று அர்த்தம்.

எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவளை நான் ஜெயித்த முதல் நாள் அது. கால் மணி நேரம் ஜெயித்தேன்.

ஏனென்றால் அவள் மெதுவாக, “என் இஷ்டத்துக்கு நடக்கலாமா மிஸ்ஸி?” என்று கேட்டாள். பக்கவாட்டில் திரும்பி நின்றாள். முட்டியைக் கொஞ்சம் மடக்கினாள். ஒரு கை கம்பியில். ஒரு கால் நகர்ந்தது, மற்ற கால் வந்து சேர்ந்தது. மறுபடி நகர்ந்தது. கம்பியின் முனை வரைக்கும் போனாள். அங்கே திரும்பவே இல்லை. முனையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகவே வந்தாள். மரத்தைச் சுற்றிச் சீவிக்கொண்டே நகர்வார்களே, அதே கால். முப்பது வருஷம் தினமும் எத்தனை மரம் சுற்றிய கால்! தலைக்கும் முதுகுக்கும் மறந்தது அந்தக் காலுக்கு மறக்கவில்லை. மிஸ்ஸி போனை எடுத்து வீடியோ பிடித்தாள். அடுத்த அறையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டாள்.

“மக்சிக், முன்னாடி என்ன வேலை செஞ்சீங்க?”

“பால்மரம்” என்றாள் அவள்.

என் வாய் சும்மா இருந்ததா? “நானும் பால்மரம்தான்” என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ நீங்களும் காட்டுங்க!” என்றாள் மிஸ்ஸி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

பக்கவாட்டில் நின்றேன். ஓரடி வைத்தேன். இரண்டாவது அடியில் கண்ணாடி, கம்பி, மிஸ்ஸி எல்லாம் சேர்ந்து சாய்ந்தது. இதுதான் மூன்றாவது, வீடு போச்சு என்று நினைத்தேன். கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். புல் வெட்டினவள் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அப்போது நாற்காலியிலிருந்து அவள் குரல் வந்தது. “அவ எடது கையால சீவுறவ, மிஸ்ஸி. இந்தப் பக்கமா நின்னா வராது. அவளுக்கு எல்லாம் மாறி இருக்கணும்.”

“ஓ, கிடால்!” என்றாள் மிஸ்ஸி. இடது கைக்காரர்களை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். உடனே என் அட்டையில் எழுதிக்கொண்டாள். “அடுத்த தடவ இடது பக்கமா காட்டணும் மக்சிக், ஓகே?”

விமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “உங்களக் காப்பாத்திட்டாங்களே பாட்டி! நீங்க தேங்க்ஸ் சொன்னீங்களா?”

“எதுக்குச் சொல்லணும்? என்னைப் பொய்க்காரின்னு அங்கயே சொல்லியிருந்தா, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் திட்டித் தீர்த்திருப்பேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டாளே!”

வாடகைக் காரில் திரும்பும்போது நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேசினாள். பசாரில் மீன் சுருங்கிவிட்டதைப் பற்றிப் பேசினாள், பூண்டின் வாசனை முன்பு மாதிரி இல்லை என்றாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, “என் வீட்டுத் தூணுல கறையான் அரிக்குதோ என்னமோ. காலையில வந்து கொஞ்சம் பாரேன்” என்றாள்.

சிமெண்டுத் தூணில் கறையான்!

இரவெல்லாம் போகக்கூடாது என்று நினைத்தேன். மகன் பூட்டும் கையுமாக நிற்கிறது கண்ணுக்குள் வந்தது. காலையில் போனேன்.

ஒரு பழைய கரண்டியை என் இடது கையில் கொடுத்தாள். காம்பைத் தூணில் வைத்துச் சாய்வாக இழுக்கவேண்டும். கை நகர்ந்தால்தான் கால் நகரவேண்டும். நான் குனிந்து காலைப் பார்த்தேன்.

“காலப் பாக்காத. காலுக்குத் தெரியும். உளியப் பாரு.”

“இது கரண்டிக்கா.”

“உளின்னு நெனச்சுக்க. ஒரு சொட்டு சிந்தக்கூடாது.”

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் அதை இவளிடமும் சொல்லியிருப்பாரோ? ஸ்டோரில், பால் நிறுக்கும்போது, மற்றவர்கள் முன்னால்? கரண்டியைப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வாள்? ஆம் என்றாலும் தாங்காது, இல்லை என்றாலும் நம்பமாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அந்த முதல் கோடுதான் எல்லாவற்றையும்விட ஆழமாக இருக்கும்.

தினமும் காலையில் போனேன். ஒருதரமும் என் கையைப் பிடிக்கமாட்டாள். “புடிச்சா ரெண்டு பேரும் சாய்வோம்” என்பாள். அவள் வலது கையால் அந்தப் பக்கம் இழுப்பாள். நான் இடது கையால் இந்தப் பக்கம் இழுப்பேன். இரண்டு கிழவிகள் தூணைச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூட வேன்காரர் என்ன பூசை என்று கேட்டார். எனக்கு அவள் சொல்லிக்கொடுத்தது இரண்டே வார்த்தை. “திரும்பாத. சுத்து.” யோசித்துப் பார்த்தால் எங்களை மாதிரி ஆட்கள் விழுவது பெரும்பாலும் திரும்பும்போதுதான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் இடது பக்கமாகவே போய்க் காட்டினேன். மிஸ்ஸி கைதட்டினாள். ஆனால் வீடியோ எடுக்கவில்லை. போனில் இடம் இல்லையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். காரில் காலிப் பெட்டிகள். நான் விழுவதற்கு முன்பே சாமானைக் கட்டிவிடலாம் என்ற எண்ணம் போல. நான் கோழிக்கறி வைத்தேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்பிலிருந்து மேசையைச் சுற்றி வந்து அவன் முன்னால் வைத்தேன். மறுபடி போனேன், சோறு கொண்டுவந்தேன். மறுபடி போனேன், ரசம். அவன் சாப்பிடாமல் என் காலையே பார்த்தான்.

“ஏம்மா நண்டு மாதிரி நடக்கிறீங்க?”

“நண்டு விழுந்து பாத்திருக்கியா?”

சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். இரண்டு தரம் கறி வாங்கிச் சாப்பிட்டான். போகும்போது பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான்.

அவன் கார் தெருமுனை திரும்பியதும் எதிர் வீட்டுக்குப் போனேன். சொல்லவேண்டும், அவள் ஒருதரமாவது என்னைப் பாராட்டவேண்டும். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். “மகன் வந்துட்டுப் போனானா? இளைச்ச மாதிரி தெரியுதே” என்றாள். அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த மாதம் ஜொகூரிலிருந்து அவள் மகள் போன் செய்தாள். தொழிற்சாலையில் குனிந்து குனிந்து அந்தப் பெண்ணுக்கும் முதுகு போய்விட்டது. ஆபரேஷன். மூன்று மாதம் படுக்கை. அம்மா வரவேண்டும் என்று அழுதாளாம்.

“நீங்க போய் என்னக்கா செய்வீங்க? உங்களயே பார்க்க ஆள் வேணும்” என்றேன். உண்மையான அக்கறையாகத்தான் கேட்டேன் என்று சொல்லமாட்டேன்.

அவள் பையில் புடவையை மடித்து வைத்துக்கொண்டே, அன்றைக்கு மட்டும் சுற்றாமல் பதில் சொன்னாள். “சோறு பொங்கலாம். தல சீவி விடலாம். பக்கத்துல உக்காந்திருக்கலாம். அவளுக்கு நான் வேணுமாம்.”

கார் வந்தது. முதலில் உட்கார்ந்தாள், பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பமாட்டாளே.

“அப்புறம் வரவே இல்லையா பாட்டி?” என்று கேட்டாள் விமலா.

“மூணு மாசம்னு போனவ. பேரப்புள்ளைங்க விடல. வீட்ட ஏஜென்ட்டு மூலமா உனக்கு வாடகைக்கு விட்டுட்டா. போன் பண்ணுவா. ஜொகூர் மழையப் பத்திப் பேசுவா.”

“இன்னுமா பொறாமை? நீங்க நெனச்ச மாதிரி வீடு உங்களுக்கே இருக்குதானே?”

எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? வீடு இருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது. மூன்றாவது முறை நான் விழவே இல்லை. ஆனால் என் மகன் என்னைக் கூப்பிட்டது நான் விழுந்துவிடுவேன் என்று பயந்து. அவளை மகள் கூப்பிட்டது அவள் வேண்டும் என்று. அவ்வளவு தேய்ந்த முதுகை வைத்துக்கொண்டு அவள் ஒருத்திக்குச் சோறு பொங்குகிறாள். நான் ஒரு சொட்டு சிந்தாமல் மேசையைச் சுற்றி வந்து எனக்கே பரிமாறிக்கொள்கிறேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இதை விமலாவிடம் சொல்லவில்லை. வேறொன்று கேட்டேன்.

“உங்க பேக்டரி பஸ்ஸு ரெண்டு மணிக்குத்தானே?”

“ஆமா பாட்டி. இப்ப வந்துரும்.”

“நேத்து நல்ல மழை.”

“ஐயோ, ஆமாலா. ஷிப்ட் முடிஞ்சு, ஆயா வீட்டுலேருந்து பாப்பாவத் தூக்கிட்டு வந்தா துணியெல்லாம் ஊறிப்போய் கெடக்கு. மறுபடி அலசினேன்.”

“முந்தாநாளும் நனஞ்சுது. நான் இங்கேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.” கொஞ்சம் நிறுத்தினேன். “இங்க சும்மாத்தான் இருக்கேன்.”

விமலா வானத்தைப் பார்த்தாள். குனோங் ஜெராய் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பிறகு கொடியைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

“உங்களுக்கு எதுக்குப் பாட்டி கஷ்டம்? படி வேற இருக்கு. விழுந்து கிழுந்து...”

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. விமலா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தன் வீட்டுக் கேட்டை இழுத்துச் சாத்தினாள். பூட்டை எடுத்தாள். அப்படியே ஒரு கணம் நின்றாள். பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கேட்டை அகலத் திறந்து விட்டாள்.

“பாட்டி, கூடை பின்வாசல்ல இருக்கு! மெதுவா, சரியா!”

பஸ் போய்விட்டது. இதோ, தூறல் விழுந்துவிட்டது. குழந்தைச் சட்டைகள்தான் முதலில் நனையும், அதை முதலில் எடுக்கவேண்டும். பிறகு அந்த நீலச் சட்டை, அது நாளைக்கு வேலைக்கு வேண்டும். கொஞ்சம் வழி விடுங்கள். கையெல்லாம் பிடிக்கவேண்டாம்.